பதின்மூன்று கட்டமும் ஒரு கட்டைவிரலும்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை என்று உலகம்மைக்குத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் வருகிறார். கிழக்கேகோட்டையில் ஏறினால் கழக்கூட்டம் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் எட்டுப் பத்துக் கைகளைப் பார்த்துவிடலாம். யார் யாருக்கு என்ன எழுதுகிறார்கள் என்பது அவருக்கு வேண்டாத விஷயம். எந்த விரல் திரையில் எங்கே கிடக்கிறது, எழுத்தைப் பெரிதாக்க எத்தனை முறை விரிக்கிறார்கள், வண்டி குலுங்கும்போது வாசித்த வரி எந்தப் பக்கம் தப்பிப் போகிறது என்றெல்லாம் பார்க்கிறார். சென்ற மாதம் ஒரு பெண் முறைத்துவிட்டாள். "ஒங்க மெசேஜ் ஒண்ணும் வாசிக்கல்ல, கேட்டியளா. பெருவிரல் எங்கன கெடக்குன்னு பாத்தேன், அம்புட்டுதான்" என்றார் உலகம்மை. அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

உலகம்மைக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு ஆரியசாலையில், வற்றல் மிளகாய் மொத்தக் கடைகளின் பின் சந்தில். அந்த நெடி துணியில் ஏறி வருவதால் அவர் அலுவலகத்துக்குள் வந்துவிட்டதை முதலில் மூக்கு சொல்லும். கழக்கூட்டத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடியில் பதினொரு பேர் வேலை செய்யும் எங்கள் நிறுவனத்தில் மற்றவர்கள் படமும் பொத்தானும் நிறமும் பார்க்கிறார்கள். உலகம்மைக்கு ஒரே வேலை. இணையப் பக்கத்துக்குள் அடங்காத அகலமான அட்டவணைகளை அடங்க வைப்பது. பரிசோதனைக்கூட முடிவுகள், பள்ளி மதிப்பெண்கள், நகரசபைக் குடிநீர் நேரங்கள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். "அகலமா வந்தா ஆரியசாலைக்கு" என்பது அலுவலகத்துப் பேச்சு. அவர் கட்டியதை உடைத்துப் பார்க்கும் சோதனைக்காரன் நான். பக்கத்து மேசை.

அவர் பையில் எப்போதும் ஓர் அட்டைத் துண்டு இருக்கும். மிக்சர் பெட்டியிலிருந்து வெட்டியது. ஆறரை சென்டிமீட்டர் அகலம். விற்பனையில் இருப்பதிலேயே ஒடுங்கிய கைபேசியின் திரை அவ்வளவுதான் என்பார். கணினித் திரையில் யாராவது அழகாக ஒரு பக்கத்தைக் காட்டினால் அந்த அட்டையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஓட்டலில் விலைப்பட்டியல் மீது வைப்பார். எனக்கு வந்த ஒரு கல்யாணப் பத்திரிகை மீதும் வைத்து, "மாப்பிள்ள பேரு மடங்கி அடுத்த வரிக்குப் போகுது" என்றார். அலுவலகத்தில் யார் எதை முடித்துவிட்டதாகச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "அதெல்லாம் செரி. கைல பிடிச்சாச்சா?"

அகலமான அட்டவணையை அடக்கத் தொழிலில் மூன்று வழிகள் உண்டு. பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க விடலாம். சின்னத் திரையில் சில கட்டங்களை மறைத்துவிடலாம். அல்லது ஒவ்வொரு வரிசையையும் தனித்தனிச் சீட்டாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம். மூன்றுமே எளிது. மூன்றையும் சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்கள் மாடியில் இல்லை. "பக்கத்துல தள்ளுவாங்கன்னு யாரு சொன்னா? அந்தப் பக்கம் ஒண்ணு கெடக்குன்னு தெரிஞ்சாத்தானடே தள்ளுவான்" என்பது முதலாவதற்கு. "சீட்டாக்கிப் போட்டா ஒண்ண ஒண்ணோட எப்படி ஒத்துப் பாப்பான்? மனசுல எழுதி வச்சுக்கிடணுமா?" என்பது மூன்றாவதற்கு. இரண்டாவதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். பேச்சை மாற்றிவிடுவார்.

நான் கவிதை வாசிப்பவன் என்பது அவருக்குத் தெரியும். மேசையில் கிடந்த தொகுப்பு ஒன்றை ஒருநாள் புரட்டினார். சொற்களைவிட வெற்றிடம் அதிகமாக இருந்த பக்கத்தில் அட்டைத் துண்டை வைத்தார். அடங்கியது.

"ஒங்க ஆளுகளுக்கு சௌகரியம் தம்பி. வரிய எங்க வேணும்னாலும் ஒடிக்கலாம். எனக்கு 'ரெண்டு புள்ளி எட்டு மீட்டர்' இந்த வரியில ரெண்டும் அடுத்த வரியில எட்டுமா ஒடிஞ்சா, வாசிக்கவன் ரெண்டு மீட்டர் அலைன்னு நெனச்சு எறங்கிருவான்."

அலை என்று அவர் சொன்னது உவமைக்காக அல்ல. விழிஞ்ஞம் பக்கத்து மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு எங்கள் நிறுவனம் ஒரு பக்கம் நடத்துகிறது. பூந்துறை, விழிஞ்ஞம், புல்லுவிளை, பூவார் என நான்கு கரைகள். ஒவ்வொன்றுக்கும் காற்று, அலை, நீரோட்டம், கொள்கலன் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் நேரம் என்று பதின்மூன்று கட்டங்கள். கூட்டமைப்பின் பதிவேட்டில் உள்ள அதே வரிசையில், மலையாளத்தில், தினமும் மதியம் ஏறும். எல்லா அலுவலகப் படிவங்களிலும் போலக் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'குறிப்பு'. கடலில் இறங்கலாமா கூடாதா என்பதைப் பதிவேடு எழுதுகிறவர்கள் அந்தக் குறிப்பில்தான் எழுதுவார்கள். படிவத்தில் வேறெங்கும் அதற்கு இடமில்லை.

இதை ஒரு மதிய உணவின்போதுதான் நான் முழுதாகக் கேட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பக்கத்தை முதலில் கட்டியவர் உலகம்மை. சின்னத் திரையில் பதின்மூன்றும் அடங்கவில்லை. குறிப்பு என்று தலைப்பு இருந்ததால் அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்து, கைபேசியில் மட்டும் அதை மறைத்துவிட்டார். கணினியில் தெரியும். ஒரு ஜூன் மாதம், துறைமுக வாசலில் தேநீர்க் கடை வைத்திருக்கும் லீலாபாய் வழக்கம்போலக் கைபேசியைப் பார்த்து வள்ளக்காரர்களுக்கு உரக்க வாசித்திருக்கிறார். காற்று சொன்னார், அலை சொன்னார். "மூன்று மணிக்குப் பிறகு போக வேண்டாம்" என்ற குறிப்பை அவர் சொல்லவில்லை. இறங்கியவர்களில் ஒருவரான பனியடிமையின் வள்ளம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. ஆள் நீந்தி வந்துவிட்டார். இடது தோள் போனது போனதுதான்.

லீலாபாய் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஓடி, எச்சரிக்கையே போடவில்லை என்று சண்டை பிடித்தார். செயலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. லீலாபாய் அரைகுறையாக வாசித்துவிட்டார் என்று கரை முழுவதும் பேச்சு.

"எனக்கு அந்த விஷயம் நாலு மாசம் கழிச்சாக்கும் தெரிஞ்சது" என்றார் உலகம்மை, தூக்குச் சட்டியின் மூடியைத் துடைத்தபடி. "வேற ஒரு தப்பத் திருத்தப் போனப்போ செயலாளரே சிரிச்சிட்டுச் சொன்னாரு, படிக்கத் தெரியாத பொம்பளைன்னு. நான் அன்னைக்கே மறச்சத எடுத்துட்டேன், பக்கத்துல தள்ளிப் பாக்க விட்டேன். வாயத் தொறந்து சொல்லல்ல."

"இதை எழுதலாமா அக்கா?" என்று இந்தக் கட்டுரைக்காகப் பின்னால் கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் பதில் வந்தது. "எழுது. என் பேரப் போட்டே எழுது. அந்தம்மா பேர ஒரு கரையே சொல்லிச்சுல்லா."

இந்த வருடம் கூட்டமைப்பு பக்கத்தைப் புதிதாகக் கட்டச் சொன்னது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் செயலாளர் மகேஷ்குமார் வந்து பார்ப்பார். எங்கள் குழுத்தலைவர் அபிலாஷ் சீட்டு முறை போதும் என்றார். அவரும் சாலைக் கம்போளச் சந்தையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம்தான். படித்ததெல்லாம் மலையாளம். கோபம் வந்தால் முழுக்க அதற்குப் போய்விடுவார்.

"சேச்சி, கார்ட் ஆக்கியா மதி. எல்லாரும் அதுதான் செய்யுதாங்க."

"நாலு கரையையும் சேத்துப் பாத்துட்டாக்கும் எங்க எறங்கணும்னு முடிவு செய்வாங்க. சீட்டாப் போட்டா ஏறி எறங்கித் தேடணும்."

"அப்ப ரெண்டு மூணு கட்டத்த ஹைட் பண்ணிக்கோ."

உலகம்மை நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். "ஒண்ணு கூட ஒளிக்க மாட்டேன் அபிலாஷே. பதிமூணும் தெரியணும். ஆறரை சென்டிமீட்டருக்குள்ள, தள்ளாம தெரியணும்."

"மேஜிக்கா?"

"புதன்கிழம நான் ஆபீசுக்கு இல்ல. இவனயும் கூட்டிட்டுப் போறேன்."

புதன்கிழமை மதியம் விழிஞ்ஞத்தில் வெயில் நேராகத் தலையில் இறங்கியது. லீலாபாய்க்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் தேநீர் ஆற்றுகிறார், வாசிக்கும்போது மட்டும் கீழே இறக்குகிறார். இரண்டே முக்காலுக்கு வள்ளக்காரர்கள் கூடினார்கள். உலகம்மை கடைக்குள் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் பெஞ்சின் ஓரத்தில்.

கைபேசி லீலாபாயின் இடது கையில் இருந்தது. கட்டைவிரல் திரையின் இடது ஓரத்தை மூடிக் கிடந்தது. கரையின் பெயர் இருக்கும் கட்டம் அதற்கடியில். வலது கையால் பக்கவாட்டில் தள்ளினார். தேநீரும் தண்ணீரும் பட்ட கை. விரல் வழுக்கி ஓரத்திலிருந்து இழுபட்டதும், 'பின்னால் போ' என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு கைபேசி பக்கத்தையே மூடிவிட்டது. மறுபடி திறந்தார். மறுபடி தள்ளினார். போய்விட்டது. வரிசையில் நின்ற ஒருவர், "அம்மச்சி, கடல் வற்றிப் போகும், அதுக்கு முன்ன வாசி" என்றார். சிரித்தார்கள். லீலாபாய் சிரிக்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்து, மூன்றாவது முறை மிக மெதுவாகத் தள்ளிக் கடைசிக் கட்டத்தை எட்டி, இரண்டு முறை வாசித்தார். வாசித்ததும் பக்கத்தில் நின்றவரிடம் கைபேசியை நீட்டி, "நீயும் நோக்கு. பின்ன எம்மேல குத்தம் பறையப்பிடாது" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு உலகம்மை பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு அந்த எச்சரிக்கை ஒங்க ஃபோன்ல இல்ல. நான் மறச்சு வச்சிருந்தேன். எடம் பத்தல்லன்னு."

லீலாபாய் கையிலிருந்த தேநீரை ஒரு சுற்று ஆற்றி முடித்தார். பிறகு குவளையைக் கீழே வைத்தார்.

"மோளே, கண்ணு போச்சுன்னாக்கும் நான் நெனச்சது. ரெண்டு கண்ணாடி மாத்தியாச்சு." நெற்றியில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது மூணாமத்தது."

உலகம்மையின் காதோரம் சிவந்ததைப் பார்த்துவிட்டு நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கிட்ட வந்து பறஞ்சா என்ன புண்ணியம்" என்றார் லீலாபாய். "பறைய வேண்டிய எடத்துல பற."

"பறையுதேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லுங்க. வாசிக்கப்போ அவங்களுக்கு முதல்ல என்ன தெரியணும்?"

லீலாபாய் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தார். "போகாமா போகண்டாயா. வேற என்ன? காத்தும் அலையும் அது கழிஞ்சு." மலையாளத்தில் போகாம் என்றால் போகலாம், போகண்டா என்றால் போக வேண்டாம்.

திரும்பி வரும் பேருந்தில் அன்று அவர் யாருடைய கைபேசியையும் பார்க்கவில்லை. பயணச்சீட்டின் பின்புறம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பாப்பனங்கோடு தாண்டும்போது சீட்டை எனக்கு நீட்டினார். அட்டவணை படுத்துக் கிடக்காமல் எழுந்து நின்றது. இதுவரை கரைகள் வரிசையாகவும் விவரங்கள் அகலமாகவும் இருந்தன. இப்போது மேலே நான்கு கரைகளின் பெயர்கள். அதற்குக் கீழே பதின்மூன்று விவரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக. கரைகள் நான்கே என்பதால் நான்கு ஒடுங்கிய கட்டங்கள் போதும், எத்தனை விவரம் வந்தாலும் நீளம்தான் கூடும். காற்று, அலை என்ற தலைப்புகளுக்கு இடது பக்கம் தனி இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் மேலே மெல்லிய பட்டையாகப் படுக்க வைத்திருந்தார். பதின்மூன்றாவதாக இருந்த குறிப்பு முதல் வரிசைக்கு ஏறியிருந்தது.

"பக்கத்துல தள்ள வேண்டாம். மேல தள்ளினா போரும். நனஞ்ச கையும் மேல நல்லாத் தள்ளும், பாத்தியா?"

வியாழக்கிழமை முழுதும் கட்டினார், நான் உடைத்தேன். புல்லுவிளை என்ற பெயர் மலையாளத்தில் மடங்கி விழுந்தது. எழுத்தை ஒரு புள்ளி சிறிதாக்க நான் சொன்னேன், மாட்டேன் என்று கட்டங்களுக்கு இடையிலிருந்த இடைவெளியைக் குறைத்தார். தேநீர் வாங்கி வந்த அலுவலகப் பையன் அபிஜித், பெரிய திரையின் நடுவில் ஒல்லியாக நின்ற அதைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது டேபிளோ, டிஃபன் கேரியரோ?" என்றான்.

"கேரியருதான். கைல தூக்கிட்டுப் போணும்லா."

வெள்ளிக்கிழமை சுவரில் பெரிதாக ஒளிபாய்ச்சிக் காட்டினார்கள். அபிலாஷ் முன்னெச்சரிக்கையாகத் தன் சீட்டு முறையையும் வைத்திருந்தார். அது சுவரை அழகாக நிரப்பியது. உலகம்மையின் அட்டவணை வந்ததும் இருபுறமும் வெறும் வெள்ளை. மகேஷ்குமார் சிரித்துவிட்டு மலையாளத்தில், இது ஏணி போல் இருக்கிறதே, பதிவேட்டின் வரிசையை இப்படி மாற்ற முடியாது, குறிப்பு கடைசியில்தான் வர வேண்டும் என்றார்.

உலகம்மை எழுந்து விளக்கைப் போட்டார். சுவரில் இருந்தது மங்கியது.

"சார், ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒங்க கடைசி கட்டத்த ஃபோன்ல மறச்சது நான். லீலாபாய் தப்பா வாசிக்கல்ல. அங்க வாசிக்க ஒண்ணும் இல்ல. ஒங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்தது."

அபிலாஷ் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. இந்த ஒப்பந்தம் போனால் எங்கள் மாடியில் இரண்டு நாற்காலிகள் காலியாகும் என்று அவர் காலையில்தான் சொல்லியிருந்தார். உலகம்மை மகேஷ்குமார் முன்னால் இரண்டு பழைய கைபேசிகளை வைத்தார். ஒன்றில் இப்போதுள்ள பக்கம், இன்னொன்றில் புதியது. நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

"கைய நனச்சிட்டு, பூவாருக்குப் போகாமான்னு வாசிங்க."

அவர் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு விரல்களை நனைத்தார். தள்ளினார். பக்கம் போய்விட்டது. திறந்து கொடுத்தேன். தள்ளினார், போய்விட்டது. மூன்றாவது முறை சட்டைப்பையில் கையை விட்டார்.

"கரையில கர்ச்சீப் இல்ல சார்" என்றார் உலகம்மை.

அடுத்த கைபேசியை எடுத்தார். எதையும் தள்ளவில்லை. முதல் வரிசையை உரக்க வாசித்தார். பூந்துறை, போகாம். விழிஞ்ஞம், போகாம். புல்லுவிளை, போகாம். பூவார், போகண்டா. வாசித்த பிறகும் கைபேசியைக் கீழே வைக்காமல் கட்டைவிரலால் மேலே தள்ளிக் காற்று, அலை, கப்பல் நேரம் என்று கடைசி வரை போனார். ஒன்று, இரண்டு என்று அவர் உதடு எண்ணுவதைப் பார்த்தேன். பதின்மூன்றும் இருந்தன.

"கமிட்டி ஒப்பு வேணும்" என்றார் கடைசியில். "வாங்கித் தர்றேன்." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "லீலாபாயிட்ட நானும் ஒரு வார்த்த பறையணும் இல்லியா" என்று யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்.

"ஓ, பறையணும். கரையில, ஆளுக இருக்கப்போ" என்றார் உலகம்மை.

புதிய பக்கம் ஏறிய திங்கட்கிழமை மகேஷ்குமார் வந்து, தேநீர்க் கடை முன்னால், உலகம்மையும் நானும் நிற்க, லீலாபாய் தப்பாக வாசிக்கவில்லை என்பதைக் கூட்டத்தில் சொன்னார். லீலாபாய் தலையாட்டிவிட்டு அவருக்கும் ஒரு தேநீர் கொடுத்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, கைபேசியை எடுத்தார்.

"விழிஞ்ஞம், போகண்டா."

கடல் அப்போது ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. முன்வரிசையில் எரிபொருள் கேனுடன் நின்ற பனியடிமை அதை வலது கையாலேயே மணலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு தேநீர் சொன்னார். நாங்கள் எல்லோரும் கடலைப் பார்த்தோம். உலகம்மை பார்த்தது லீலாபாயின் இடது கையை. கட்டைவிரல் பூந்துறையின் முதல் எழுத்தை மறைத்துக்கொண்டு கிடந்தது. பையிலிருந்து அட்டைத் துண்டை எடுத்தார், பென்சிலை எடுத்தார், அந்த விரல் எதுவரை வருகிறதோ அதுவரை அளந்து அட்டையில் ஒரு கோடு போட்டார்.